லீ சிலை போன இடத்தில் என்ன இருக்க வேண்டும்?

ரிச்மண்ட்வாசி

வாஷிங்டனில் ஆல்பர்ட் பைக் சிலையைத் திரும்ப நிறுத்திவிட்டார்கள். 1861-65 உள்நாட்டுப் போரில் கான்ஃபெடரேட் பக்கம், அதாவது நாட்டிலிருந்து பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் பக்கம் நின்ற ஜெனரல் அவர். 2020 ஜூன் 19 அன்று கயிறு கட்டி இழுத்துத் தள்ளித் தீ வைத்தார்களே, அதே சிலைதான். 2025 அக்டோபரில் பழைய இடத்திலேயே ஏறிவிட்டது.

இங்கே பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் ராணுவத் தளத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1917-லிருந்து அதற்குக் கான்ஃபெடரேட் படையின் பெரிய தளபதி ராபர்ட் லீயின் பெயர். 2023-ல் அதை எடுத்துவிட்டு கிரெக், ஆடம்ஸ் என்ற இரண்டு கறுப்பின அதிகாரிகளின் பெயரை வைத்தார்கள். இரண்டே வருஷத்தில் மறுபடியும் ஃபோர்ட் லீ. கேட்டால், இது அந்த லீ இல்லையாம். ஸ்பானிஷ்-அமெரிக்கப் போரில் பதக்கம் வாங்கிய ஃபிட்ஸ் லீ என்ற கறுப்பினச் சிப்பாயாம். கான்ஃபெடரேட் ஆட்களின் பெயரை வைக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால், அதே குடும்பப் பெயர் உள்ள இன்னொருவரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். பாவம் ஃபிட்ஸ் லீ, அவரை மதித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதனால்தான் இந்த இழை. 2020-21ல் சிலைகளை இறக்கியதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். முடியவில்லை. தெற்கில் இருக்கும் நம் ஆட்கள் என்ன நினைக்கிறீர்கள்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெர்ஜினியாவில் எங்கள் ரிச்மண்டின் மானுமென்ட் அவென்யூவில் லீ, ஸ்டூவர்ட், டேவிஸ், ஜாக்சன், மோரி என்று ஐந்து கான்ஃபெடரேட் சிலைகள் இருந்தன. எடுத்தது சரிதான். ஆனால் லீயின் பீடத்தையும் சேர்த்து எடுத்தார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2020 கோடையில் அந்தப் பீடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிரானைட் தெரியாத அளவுக்கு அடி முதல் ஆள் எட்டும் உயரம் வரை பெயின்ட், பெயர்கள், வசவுகள், பிரார்த்தனைகள். பக்கத்தில் யாரோ ஒரு பாஸ்கெட்பால் வளையத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். சின்னக் காய்கறிப் பாத்தி கூடப் போட்டார்கள். ராத்திரியில் குதிரை மேலிருந்த லீயின் மீதே, அந்த வருஷம் போலீஸ் பிடியில் இறந்த ஜார்ஜ் ஃபிளாய்டின் முகத்தை ஒளியில் காட்டினார்கள். நூற்றி முப்பது வருஷத்தில் அந்த வட்டத்துக்குள் எல்லாத் தரப்பு மக்களும் வந்து உட்கார்ந்தது அப்போதுதான். 2021 ஜனவரியில் வேலி போட்டார்கள், செப்டம்பர் 8-ல் சிலையை இறக்கினார்கள், அடுத்த குளிர்காலத்தில் பீடத்தையும் பிரித்துவிட்டார்கள். இப்போது செடி நட்டு அழகாக இருக்கிறது. லீ இருந்த சுவடும் இல்லை, லீயை எதிர்த்த சுவடும் இல்லை.

பழைய பஞ்சாங்கம்

எல்லோரும் ஒரே பக்கம் பேசினால் விவாதம் எதற்கு, நான் எதிர்ப்பக்கம் வருகிறேன். அலபாமாவில் பல வருஷமாக இருக்கிறேன். என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கொள்ளுத் தாத்தா அந்தப் போரில் காலை இழந்தவர். அவர்கள் வீட்டில் அடிமை கிடையாது, சொந்த நிலமும் பெரிதாகக் கிடையாது. தன் மாநிலம் கூப்பிட்டது, போனார். அவரை நினைப்பதே குற்றம் என்றால் எப்படி?

அடுத்தது, லீயை எடுத்தீர்கள். வாஷிங்டனும் ஜெஃபர்சனும் அடிமை வைத்திருந்தவர்கள்தானே? எங்கே நிறுத்துவீர்கள்? மூன்றாவது, சிலையை எடுத்ததால் ரிச்மண்டில் ஒரு கறுப்பினப் பிள்ளைக்காவது நல்ல பள்ளிக்கூடம் கிடைத்ததா? செலவில்லாத புரட்சி சார் இது.

மைதிலி (டெக்கேட்டர்)

பஞ்சாங்கம் சார், உங்கள் மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி. முதலாவதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

அந்தக் கொள்ளுத் தாத்தாவுக்காகத்தான் சிலை வைத்தார்கள் என்றால் 1866-லேயே வைத்திருக்க வேண்டும். ஜார்ஜியாவில் எங்கள் டெக்கேட்டர் கோர்ட்டு வாசலில் இருந்த கான்ஃபெடரேட் ஒபிலிஸ்க் தூணுக்கு வயது என்ன தெரியுமா? 1908-ல் வைத்தது. போர் முடிந்து 43 வருஷம் கழித்து. 1906-ல் அட்லாண்டாவில் கறுப்பினத்தவரைத் தேடித் தேடி அடித்துக் கொன்றார்கள். 1908-ல் ஜார்ஜியா தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, எழுத்தறிவுச் சோதனை அது இது என்று சொல்லிக் கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறித்தது. அதே வருஷம்தான் கோர்ட்டு வாசலில் தூண். நியாயம் கேட்டு உள்ளே போகிறவன் முதலில் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வெர்ஜினியாவிலும் இதே கணக்குதான். 1902-ல் புது அரசியல் சட்டம், கறுப்பின ஓட்டு காலி. 1907-ல் கான்ஃபெடரேட் அதிபர் டேவிஸின் சிலை. டேவிஸ் வெர்ஜினியாக்காரரும் இல்லை, போரில் ஜெயித்தவரும் இல்லை. அவருக்கு எதற்கு ரிச்மண்டில் அத்தனை பெரிய தூண் வரிசை?

டெக்கேட்டரில் 2019-ல் ஒரு சமாதானமும் செய்து பார்த்தார்கள். தூண் இருக்கட்டும், பக்கத்தில் விளக்கப் பலகை வைக்கலாம் என்று வைத்தார்கள். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 2020 ஜூனில் கோர்ட்டு உத்தரவோடு ராத்திரியில் தூக்கிவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் அந்த இடத்தில் கறுப்பின உரிமைப் போராளி ஜான் லூயிஸின் சிலை வந்தது. எனக்குப் பலகை யோசனையில் நம்பிக்கை இல்லை. முப்பது அடிக் கல்லுக்குப் பதில் சொல்ல ஒரு தகரப் பலகையால் முடியாது.

புதுவரவு_23

எச்1பி வேலை விசாவுல இருக்கிற நமக்கு எதுக்கு சார் இந்த வம்பு? அவங்க சண்டை, அவங்க சிலை.

சார்லட் சுந்தர்

தம்பி, இங்கே பிறக்கிற குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போவீர்களே, அந்த உரிமை எங்கிருந்து வந்தது? 1868-ல் வந்த 14-வது திருத்தம். அடிமைகளாக இருந்தவர்களுக்குக் குடியுரிமை தர எழுதியது. நம்மைப் போன்றவர்கள் பெரிய அளவில் இங்கே வரக் கதவைத் திறந்தது 1965-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். அது சிவில் ரைட்ஸ் போராட்டத்தின் அலையில் வந்தது. வம்பு நமக்கும் சேர்த்துத்தான். அது மட்டுமா, சவுத் கரோலினா சட்டசபை வளாகத்திலிருந்து கான்ஃபெடரேட் கொடியை இறக்கும் மசோதாவில் கையெழுத்துப் போட்டவர் அப்போதைய கவர்னர் நிக்கி ஹேலி, பஞ்சாபி வீட்டுப் பெண். சார்ல்ஸ்டன் சர்ச்சில் வெள்ளை இனவெறியன் ஒருவன் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்ற பிறகு, 2015 ஜூலை 10-ல் கொடி இறங்கியது. 1960-களின் தொடக்கத்தில் ஏற்றிய கொடி அது. அரை நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் மனசு வரவில்லை. ஒன்பது உயிர் போன பிறகு மூன்றே வாரத்தில் வேலை முடிந்தது.

வாத்தியார்

நிதானமாக எழுதலாம் என்று காத்திருந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

பஞ்சாங்கத்தின் இரண்டாவது கேள்வி: வாஷிங்டன், ஜெஃபர்சன் எங்கே, லீ எங்கே? முதல் இருவருக்கும் சிலை வைத்தது ஒரு நாட்டை உண்டாக்கியதற்காக. அடிமை வைத்திருந்த பாவம் அவர்கள் கணக்கில் தனியாக இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. லீக்கும் டேவிஸுக்கும் சிலை வைத்தது அந்த நாட்டை உடைக்கப் போர் நடத்தியதற்காக. அந்தப் போரை எடுத்துவிட்டால் அவர்களுக்குச் சிலை வைக்க வேறு காரணமே இல்லை.

எதற்காக உடைத்தார்கள் என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கான்ஃபெடரேட் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21-ல் சவானாவில் பேசினார். எங்கள் புது அரசின் மூலைக்கல்லே கறுப்பர் வெள்ளையருக்குச் சமம் இல்லை என்பதுதான், அடிமையாக இருப்பதே அவர்களின் இயல்பான நிலை என்றார். மிசிசிப்பி தன் பிரிவினை அறிக்கையின் தொடக்கத்திலேயே, எங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று எழுதிவிட்டது. தோற்ற பிறகு அதே ஸ்டீபன்ஸ் இரண்டு பாகமாகப் புத்தகம் எழுதி, எல்லாம் மாநில உரிமைக்காகத்தான் என்றார். நாம் இன்று கேட்கிற 'பாரம்பரியம்' பேச்செல்லாம் இந்த இரண்டாவது ஸ்டீபன்ஸின் பேச்சு.

அதைப் பரப்பியது யார்? 1894-ல் ஆரம்பித்த 'யுனைடட் டாட்டர்ஸ் ஆஃப் த கான்ஃபெடரசி' என்ற பெண்கள் அமைப்பு. சிலைகள் அவர்கள் வேலையில் பாதிதான். மறுபாதி பாடப்புத்தகம். மில்ட்ரெட் ரதர்ஃபோர்டு என்ற அம்மையார் ஒரு கையேடே போட்டார். அடிமை முறைக்காகப் போர் நடந்தது என்று எழுதிய புத்தகத்தை ஏற்காதே, அடிமைகளை எஜமானர்கள் கொடுமைப்படுத்தினார்கள் என்று எழுதியிருந்தால் ஏற்காதே, நூலகத்தில் ஏற்கெனவே இருந்தால் அட்டையில் 'தெற்குக்கு அநியாயம் செய்கிறது' என்று எழுதி வை. அந்தப் பாடத்தைப் படித்து வளர்ந்த தலைமுறைகள்தான் பிறகு பள்ளி வாரியத்தில் உட்கார்ந்தன. கல்லைக் கிரேன் வைத்து ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடலாம். இதை?

இன்னொரு ஆளைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட். லீக்கு வலது கை மாதிரி இருந்த ஜெனரல். போர் முடிந்ததும், தோற்றோம், இனி கறுப்பினத்தவருக்கும் ஓட்டு உண்டு என்று ஏற்றுக்கொண்டு லிங்கனின் கட்சியில் சேர்ந்தார். 1874-ல் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் படை அரசைக் கவிழ்க்க வந்தபோது, கறுப்பின வீரர்கள் இருந்த படையோடு நின்று எதிர்த்தார். பலன்? லீயின் படை கெட்டிஸ்பர்க் சண்டையில் தோற்றதற்கே அவர்தான் காரணம் என்று பழி போட்டார்கள். கெட்டிஸ்பர்க் களத்தில் அவருக்குச் சிலை வர 1998 ஆயிற்று. கான்ஃபெடரேட் வீரர்களை மதிக்கத்தான் சிலை என்றால் லாங்ஸ்ட்ரீட்டுக்கு ஊருக்கு ஊர் இருந்திருக்க வேண்டுமே. 1874-ல் அரசைக் கவிழ்க்க வந்த அந்தக் கூட்டத்துக்குத்தான் நியூ ஆர்லியன்ஸில் நினைவுத்தூண் வைத்தார்கள். 2017 வரை அது இருந்தது.

பழைய பஞ்சாங்கம்

வாத்தியார் ஐயா, லாங்ஸ்ட்ரீட் விஷயம் பலமான அடி. மறுக்கவில்லை. ஆனால் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் ஸ்டீபன்ஸின் பேச்சைக் கேட்டுப் போருக்குப் போன குடும்பம் இல்லை. 1862-ல் கட்டாய ஆள்சேர்ப்பு. அதே வருஷக் கடைசியில், 20 அடிமைகள் இருக்கிற தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரருக்கு விலக்கு. பணக்காரன் வீட்டில் இருந்தான், ஏழை போனான். அந்த ஏழையை எங்கே வைத்து அழுவது?

மைதிலி (டெக்கேட்டர்)

சார், நீங்கள் சொன்ன அதே சட்டத்தைப் பார்த்துக் கொதித்துப்போய்ப் படையை விட்டு ஓடியவர்களும் தெற்கத்திக்காரர்கள்தானே! மிசிசிப்பி ஜோன்ஸ் கவுன்டி, உங்கள் அலபாமாவிலேயே வின்ஸ்டன் கவுன்டி, கிழக்கு டென்னசி, மேற்கு வெர்ஜினியா. வடக்குக்காகப் போரிட்ட கறுப்பின வீரர்கள் 1,80,000 பேர் அளவில், அதில் பெரும்பாலோர் தெற்கில் அடிமையாக இருந்தவர்கள். இவர்களுக்கெல்லாம் கோர்ட்டு வாசலில் சிலை இல்லையே. 'தெற்கின் வரலாறு' என்று சொல்லிக்கொண்டு தெற்கில் பாதிப் பேரை விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று. அடிமை வைத்திருந்தவர் கொஞ்சம் பேர்தான் என்பதும் முழு உண்மை இல்லை. மிசிசிப்பியிலும் சவுத் கரோலினாவிலும் ஏறத்தாழ பாதிக் குடும்பங்களில் அடிமைகள் இருந்தார்கள்.

ரிச்மண்ட்வாசி

பஞ்சாங்கம் சார், அழுவதற்கு இடம் இருக்கிறது. இங்கே ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள். (சினிமாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) ஜேம்ஸ் நதியைப் பார்த்த மேடு. கான்ஃபெடரேட் சிப்பாய்கள் 18,000 பேர் அளவில் புதைந்திருக்கிறார்கள். 1869-ல் ஊர்ப் பெண்கள் பணம் திரட்டி, சாந்தே பூசாமல் கிரானைட் கல்லை அடுக்கி 90 அடிக்குப் பிரமிட் எழுப்பினார்கள். மேலே தளபதியும் இல்லை, குதிரையும் இல்லை. 2020-ல் ஊரே கொதித்தபோதும் அது விழவில்லை. அது துக்கம். மானுமென்ட் அவென்யூ துக்கம் இல்லை, அது ரியல் எஸ்டேட். நிஜமாகவே. 1890-ல் லீ சிலை வைத்த இடம் ஊருக்கு வெளியே வெறும் வயல். நிலத்துக்காரர் சிலைக்கு இடம் கொடுத்துவிட்டுச் சுற்றிலும் மனை போட்டு விற்றார். லீயைக் காட்டி பிளாட் விற்ற கதை நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்.

அந்தச் சிலை ஏறியபோது 'ரிச்மண்ட் பிளானட்' என்ற கறுப்பினப் பத்திரிகையின் ஆசிரியர் ஜான் மிட்செல் எழுதினார்: இதைத் தூக்கி நிறுத்தியது கறுப்பன்தான், காலம் வந்தால் இறக்கவும் அவன் இருப்பான் என்று. 2021-ல் இறக்கிய கான்ட்ராக்டர் கறுப்பினத்தவர். மற்ற கம்பெனிகள் பயந்து ஒதுங்கிய வேலை அது.

ஏ.பி.ஹில் கதை தனி. அந்த ஜெனரலின் எலும்பே சிலைக்கு அடியில் இருந்தது, அதுவும் நாலு ரோடு கூடுகிற முக்கில். ஆக்சிடென்ட் அடிக்கடி நடக்கிற முக்கு வேறு. 2022 டிசம்பரில் சிலையை எடுத்துவிட்டு, எலும்பைத் தோண்டி அவர் சொந்த ஊரான கல்பெப்பரில் புதைத்தார்கள். அவருக்கு அது நாலாவது அடக்கம்.

சார்லட் சுந்தர்

'ஊர் தீர்மானிக்கட்டும்' என்று எல்லோரும் பேசுகிறோம். ஊரால் முடியாது என்பதுதான் பல இடங்களில் சட்டம். வெர்ஜினியாவில் 2020 ஜூலை 1 வரைக்கும் போர் நினைவுச் சின்னத்தில் நகராட்சி கை வைக்க முடியாது. எங்கள் நார்த் கரோலினாவில் 2015-ல் தடைச் சட்டம் போட்டார்கள், சார்ல்ஸ்டன் கொலை நடந்த அடுத்த மாதமே. அலபாமாவில் 2017-ல். பர்மிங்ஹாம் மேயர் 2020-ல் தூணை எடுத்துவிட்டு 25,000 டாலர் அபராதத்தை ஏற்றுக்கொண்டார். ரிச்மண்ட் லீ சிலை விஷயத்திலும் 1890-ம் வருஷப் பத்திரத்தை நீட்டினார்கள். 'அன்போடு பாதுகாப்போம்' என்று மாநிலம் எழுதிக்கொடுத்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். செத்துப்போனவர்கள் எழுதிய பத்திரம் இன்று ஓட்டுப் போடுகிறவனைக் கட்டுப்படுத்தாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கிரேன் வந்தது.

எங்கள் மாநிலத்தின் சேப்பல் ஹில்லில் 2018-ல் மாணவர்கள் கான்ஃபெடரேட் சிப்பாய் சிலையைக் கயிறு போட்டு இழுத்ததைச் சட்டவிரோதம் என்று திட்டுகிறவர்கள், சட்டப்படி எடுக்க ஒரு வழியும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கயல்

வெர்ஜினியாவின் சார்லட்ஸ்வில்லில் படித்தவள் நான். 2017 ஆகஸ்டில் வெள்ளை இனவெறியர்கள் தீப்பந்தத்தோடு யுனிவர்சிட்டிக்குள்ளேயே நடந்து வந்தார்கள். மறுநாள் ஒருத்தன் கூட்டத்துக்குள் காரை விட்டு ஹெதர் ஹேயரைக் கொன்றான். எல்லாம் ஒரு லீ சிலையைக் காப்பாற்ற. எங்கள் ஊர் லீயை 2023 அக்டோபரில் உலையில் போட்டு உருக்கிவிட்டார்கள். அந்த வெண்கலத்தில் புதிதாக ஒரு கலைப்படைப்பு செய்யப்போகிறார்கள். ஜாக்சன் சிலையை காரா வாக்கர் என்ற ஓவியர் துண்டு துண்டாக அறுத்து வேறு உருவமாக ஒட்டி, 2025-ல் லாஸ் ஏஞ்சலிஸில் காட்சிக்கு வைத்தார். மியூசியத்தில் வைக்கலாமே என்கிறவர்களுக்கு: எந்த மியூசியத்துக்கு ஆயிரம் சிலை வைக்க இடமிருக்கிறது? பாதி வெறும் கேட்டலாக் சரக்கு. கனெக்டிகட்டில் ஒரு கம்பெனி ஒரே மாதிரிச் சிப்பாய்களைத் துத்தநாகத்தில் வார்த்து வடக்குக்கும் விற்றது, தெற்குக்கும் விற்றது.

வாத்தியார்

கயல், உருக்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு அம்மா. உருக்கிவிட்டால் அடுத்த தலைமுறை எதைப் பார்த்துக் கோபப்படும்? ரிச்மண்டின் வாலன்டைன் மியூசியத்தில் 2022-ல் டேவிஸை வைத்த விதம்தான் சரி. கூட்டம் கீழே தள்ளியபோது எப்படி இருந்ததோ அப்படியே மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். பேசுவது போல முன்னால் நீட்டியிருந்த கை இப்போது கூரையைப் பார்த்து நீண்டிருக்கிறது. முகம் நசுங்கி, மேலெல்லாம் இளஞ்சிவப்புப் பெயின்ட். அதை வார்த்த சிற்பி எட்வர்ட் வாலன்டைன்தான் அந்த மியூசியத்தின் முதல் தலைவர் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்கள். 1907-ஐயும் 2020-ஐயும் ஒன்றாகப் பார்க்க முடிகிறது.

கயல்

அது ஒன்று போதும் ஐயா. எங்கள் ஊரில் ஆள் செத்திருக்கிறது. அந்தச் சிலை எங்கே நின்றாலும் அங்கே தீப்பந்தம் வரும் என்று பயந்தோம். உருக்கியதில் எனக்கு வருத்தம் இல்லை.

மைதிலி (டெக்கேட்டர்)

உருக்க முடியாததை என்ன செய்வது? சனி ஞாயிறு ஆனால் நம் ஆட்கள் புளியோதரை கட்டிக்கொண்டு ஸ்டோன் மவுன்டனுக்குப் போகிறார்கள். அங்கே மலையிலேயே செதுக்கியிருக்கிறது: டேவிஸ், லீ, ஜாக்சன். 90 அடி உயரம், 190 அடி அகலம். 1915-ல் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் மறுபிறவி எடுத்தது அந்த மலை உச்சியில்தான். செதுக்கலை முடித்தது 1972-ல்! மார்ட்டின் லூதர் கிங் இறந்து நாலு வருஷம் கழித்து. மாநிலச் சட்டம் அதைத் தொடக் கூடாது என்கிறது. கொடி மரங்களை 2021-ல் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான்.

கொடி என்றதும் ஞாபகம் வருகிறது. 1956-ல் ஜார்ஜியா தன் கொடியில் சேர்த்த போர்க்கொடியை 2001-ல் எடுத்தார்கள் என்று சந்தோஷப்படுகிறோம். 2003-லிருந்து பறக்கும் கொடியைப் பாருங்கள், கான்ஃபெடரேட் அரசின் முதல் தேசியக் கொடியின் அச்சு. யாருக்கும் அது அடையாளம் தெரியாததால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

பழைய பஞ்சாங்கம்

கோர்ட்டு வாசலில் வேண்டாம், கல்லறையில் இருக்கட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. சிலைக்குச் செலவழித்த ஆவேசத்தில் கால் பங்கு வேறு எதற்காவது போனதா?

ரிச்மண்ட்வாசி

போகவில்லை, போக வேண்டும். இங்கே ஷாக்கோ பாட்டம் என்ற இடம். நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடி பெரிய அடிமைச் சந்தை. கறுப்பினத்தவரைப் புதைத்த நிலத்தின் மேல் 2011 வரை கார் பார்க்கிங். மேலே ஹைவே. அங்கே லம்ப்கின் என்ற வியாபாரியின் அடிமைச் சிறை இருந்தது. அவர் இறந்ததும் அந்த இடம் மேரி லம்ப்கினுக்கு வந்தது, ஒரு காலத்தில் அவருக்கே அடிமையாக இருந்தவர். அவர் அதை விடுதலையானவர்கள் படிக்கும் பள்ளிக்கு வாடகைக்கு விட்டார். இன்றைய வெர்ஜினியா யூனியன் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். பள்ளிக்கூடம் கேட்டீர்களே சார், இதோ. இந்தக் கதைக்கு ஒழுங்கான நினைவிடம் கட்டப் பல வருஷமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

பழைய பஞ்சாங்கம்

மேரி லம்ப்கின் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். லீவில் வந்தால் என்னென்ன பார்க்கலாம், ஒரு வரிசை சொல்லுங்கள். குழந்தைகளும் வருவார்கள்.

ரிச்மண்ட்வாசி

காலையில் ஷாக்கோ, ஸ்லேவ் டிரெயில் நடைபாதையில் பலகைகள் இருக்கின்றன, வெயிலுக்கு முன் நடந்துவிடுங்கள். அப்புறம் டிரெட்கர் இரும்பாலையில் உள்நாட்டுப் போர் மியூசியம். பக்கத்திலேயே பிரவுன்ஸ் ஐலண்டில் 2021-ல் வைத்த விடுதலைச் சிலை. மாலையில் ஹாலிவுட் கல்லறை. மானுமென்ட் அவென்யூவில் கறுப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் மட்டும் மட்டையோடு சிலையாக நிற்கிறார், காரிலிருந்தே பார்த்துவிடலாம்.

பழைய பஞ்சாங்கம்

நான் கல்லறையிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.